பல்லவியை இரண்டு தடவை பாடியவன்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் இம்மானுவேலைத் தேடி, இப்போது அலங்காநல்லூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் சபைக்காரர்கள் வருகிறார்கள். மோட்டாருக்காக இல்லை, கச்சேரிக்காக. கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பவனிடமே வந்து, இம்மானுவேல் அண்ணன் எங்கே என்று கேட்பார்கள். அவன் பேசாமல் என்னைக் கை காட்டிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவன் குழுவில் டிரம்ஸ் அடிப்பவன், பெயர் சிவபாண்டி, பகலில் ஷேர் ஆட்டோ. அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே கடவுள் என்னை அங்கே சேர்த்துவிட்டார் போல. எந்தக் கடவுள் என்று கேட்காதீர்கள். என் வீட்டில் அழகர், அவன் வீட்டில் ஏசு. இருபது வருஷத்தில் இது ஒன்றில்தான் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அவன் அப்பா பெயர் மொக்கையன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு, அதைச் சொல்லி ஊரில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. கிரானைட் குவாரியில் முப்பது வருஷம் பாறையில் துளை போடும் மிஷின் பிடித்தவர். குவாரியை மூடுவதற்கு முன்பே அவர் காது மூடிக்கொண்டது. அவரிடம் சோறு வேண்டுமா என்று கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆலயத்தில் அவரும் அவரோடு மிஷின் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்காருவார்கள். எல்லாரும் எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். பாட்டுப் புத்தகம் மடியில் இருக்கும். வாய் மட்டும் திறக்காது.

அப்படிப்பட்டவர் மகனுக்குப் பாட்டுப் பைத்தியம். ஐ.டி.ஐ. முடித்துக் கடை போட்டு, முதல் வருமானத்தில் கிட்டார்தான் வாங்கினான். கல்யாணத்துக்குக்கூட அப்புறம்தான் சட்டை எடுத்தான். எக்காளம் இசைக்குழு என்று பெயர் வைத்து ஆரம்பித்தோம். ஆனால் குழுவில் சத்தம் எல்லாம் கீபோர்டுதான். பொத்தானை அமுக்கினால் தாளம், வயலின், புல்லாங்குழல் அத்தனையும் அதிலேயே கொட்டும். இவன் கிட்டார் எங்கோ கொசு பாடுவது போலக் கேட்கும். நானும் ஒரு எலக்ட்ரானிக் டிரம் பேடைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளிடம் மாட்டு விலை பேசப் போய்விடுவார்கள்.

போன ஆடியில் கீபோர்டுக்காரர் மதுரையில் ஒரு பெரிய சபைக்குப் போய்விட்டார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும் பாட்டுப் பாடும் இசைவாணியும்தான். அவள் இம்மானுவேலின் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சபைச் செயலர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். இந்த அறுப்பின் பண்டிகைக்குப் பென் டிரைவில் பாட்டுப் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார். எனக்கு வாயில் நல்ல வார்த்தையாக வந்தது. அதற்குள் இம்மானுவேல் முந்திக்கொண்டு, ஒரே ஒரு பாட்டாவது கொடுங்கள் ஐயா என்று கேட்டான். கேட்டான் என்ன, கெஞ்சினான். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு பாட்டு தாரேன் தம்பி. சனம் வாயத் தொறந்து கூடப் பாடணும். பாடலைன்னா குழுவக் கலைச்சிருங்க, மனசுல வச்சுக்கிறாதீங்க."

இருபது வருஷத்தில் எங்களோடு சனம் பாடியதே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிட்டார் வேறு ஊமையாகிவிட்டது. கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னக் காயில் இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அதற்குள் ஒயர் அறுந்திருந்தது. ஊர் மோட்டாரையெல்லாம் கட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று, மயிரிழை மாதிரி செம்புக் கம்பியை எடுத்துக் கட்ட உட்கார்ந்தான்.

இங்கே அவனுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடையில் காயில் சுற்றும் மிஷினில் எண்ணிக்கை காட்டும் முள் உடைந்து பல வருஷமாகிறது. இவன் பாடித்தான் எண்ணுவான். தானே கட்டிய அறுப்புப் பாட்டு ஒன்று, சபைப் பாட்டுப் புத்தகத்திலும் ஏறியது, கைப்பிடி சுற்றும் வேகத்துக்கு அதன் தாளம் ஒத்துவரும். முழுப் பாட்டையும் ஒரு தடவை பாடினால் ஆயிரம் சுற்று, பாதியில் நிறுத்தினால் ஐந்நூறு. சிரிக்காதீர்கள், அவன் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு மனசு முழுக்கப் பண்டிகை. மேடையில் பாடுவது போல ஒவ்வொரு சரணத்துக்கும் பின்னால் பல்லவியை இரண்டு தடவை பாடிவிட்டான். முடித்துப் பார்த்தால் கம்பி விளிம்பு வரை பிதுங்கி நிற்கிறது.

மாட்டி, ஸ்பீக்கரில் சொருகி, ஒரு தட்டுத் தட்டினான். சுற்று கூடியதால் சத்தம் தடித்து, உறுமி மேளம் போல அடிவயிற்றிலிருந்து உறுமியது. மேஜையில் கிடந்த நட்டு போல்ட்டெல்லாம் அதிர்ந்தன. அவன் முகம் செத்துவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்கக் கட்டரை எடுத்தான். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். சின்ன வயதில் என் மாமாவின் கேசட் கடையில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரப் பையன்கள் தலைமுடியை வளர்த்துக்கொண்டு வாசித்த ராக். அதைப் பிரித்தால் இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன் என்றேன்.

அன்று சாயங்காலம் இசைவாணி போனில் அந்தப் பழைய குழுக்களைத் தேடி எடுத்தாள். கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல். அம்புட்டுத்தான், கீபோர்டே கிடையாது. மறுநாளே மதுரைக்குப் போய், தடித்த சத்தம் தரும் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்து, அண்ணனிடம் கேட்டுக் கேட்டு வாசிக்கவும் பழகினாள். ஆலயத்து ஸ்டோர் ரூமில் பல்லி குடியிருந்த டிரம்ஸ் செட்டை நான் தூசி தட்டி எடுத்தேன். பத்து நாள் சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அந்த அறுப்புப் பாட்டையே வாசித்தோம். வேகத்தைக் குறைத்தோம், சுருதியை இறக்கினோம். இசைவாணி தேன் குரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயக்காட்டில் ஆளைக் கூப்பிடும் குரலில் பாடினாள். எனக்குப் புல்லரித்தது, மறைப்பானேன்.

இம்மானுவேலுக்கு மட்டும் உறுத்தல். இந்தச் சத்தத்தை ஆண்டவர் சந்நிதியில் வாசிக்கலாமா என்று பாதியில் நிறுத்தினான். இசைவாணி பேஸைக் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, பைபிள்ல எக்காளம் ஊதி இடிஞ்ச எரிகோ மதிலு மெல்லிசைக்கா விழுந்துச்சு?"

அவன் மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பித்தான்.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் சனம் வளாகத்துப் பந்தலுக்கு வந்தது. காணிக்கையாக வந்து ஏலத்துக்கு நின்ற பூசணி, கரும்புக்கட்டு, கால் கட்டிய கோழிகள், ஒரு கிடாய். ஹெட்மாஸ்டர் கையில் பென் டிரைவோடு மைக் பக்கத்திலேயே நின்றார். இம்மானுவேல் கண்ணை மூடி முதல் அடி அடித்தான். கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடியது. அதை விரட்டிக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள். மிச்சப் பேர் எங்களைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

முதல் சரணம் முடிந்தது. ஒரு வாய் திறக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, இருபது வருஷமும் இன்றோடு போச்சு என்று நினைத்தேன். எரிச்சலில் டிரம்மைக் கிழிக்கிற மாதிரி அடித்தேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது. கட்டைக் குரல், சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைசி வரிசையில் மொக்கையன் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, எழுந்து நின்று பல்லவி பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அடுத்தவர் எழுந்தார். மிஷின் பிடித்த அத்தனை பேரும் நின்றார்கள். அவர்கள் காதுக்குக் கீச்சுச் சத்தம் ஏறாது, கிட்டாரின் அந்த அடிவயிற்று உறுமல் ஏறிவிட்டது. பாறையைப் பிளந்த பன்னிரண்டு தொண்டைகள் பாடும்போது முன்வரிசை எப்படிச் சும்மா இருக்கும்? பெண்கள் கை தட்டினார்கள். கிடாயைப் பிடித்து வந்தவர்கள் கயிற்றோடு நின்றே பாடினார்கள். ஐந்து நிமிஷப் பாட்டு கால் மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு சரணத்துக்கும் பல்லவியைச் சனமே இரண்டு தடவை பாடியது. ஹெட்மாஸ்டர் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷமும் எக்காளம்தான் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். நான் அழுதேன். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கையன் மேடைக்கு வந்தார். ஸ்பீக்கர் மேல் கையை வைத்துப் பார்த்தார். காது கேளாதவருக்குத் தன் குரல் எம்புட்டு உசரம் என்று தெரியாதல்லவா, அவர் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

"நீ வாசிக்கிறது இன்னைக்குத்தான்டா எனக்குக் கேட்டுச்சு."

இம்மானுவேல் அவர் காதருகே போய்க் கத்தவில்லை. கிட்டாரை எடுத்து அதே முதல் அடியை மறுபடி அடித்தான். அவர் தலையாட்டினார்.