ஜாதிக்காய்த் துண்டும் என் முகமும்

வாசகரே, இந்த வாரம் நீங்கள் வெறும் வாசகர் அல்லர், சாட்சி. சற்றே நிமிர்ந்து உட்காருங்கள். சென்ற செவ்வாய்க்கிழமை, கீழைக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றில், சுங்க அதிகாரியின் மேசைக்கு முன்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது பேர் - குமாஸ்தாக்கள், படகுக்காரர்கள், மூட்டை தூக்குவோர். நீங்களும் அவர்களுள் ஒருவராக நின்று பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பிழை யாருடையது என்று பிறகு சொல்லுங்கள்.

செய்தி இதுதான். ஆவூர்ப் பக்கத்துச் சவரிமுத்துவும் அவர் மனைவி ஆரோக்கியமும் பன்னிரண்டு ஆண்டுகள் பினாங்கில் ஒரு பழக் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். ஜாதிக்காயின் விதையை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள தடித்த சதையை நறுக்கி, உப்புநீரில் ஊறவைத்துப் பீப்பாயில் அடைப்பது தொழில். வியாபார மந்தம் வந்தது, கொட்டகை மூடிற்று. கையில் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு, மிஞ்சிய ஐந்து பீப்பாய்களை வாங்கிக்கொண்டு இருவரும் கப்பலேறினார்கள். ஆலங்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, அந்தத் துண்டுகளின் உப்பை வடித்து, சர்க்கரைப் பாகில் காய்ச்சி விற்பது அவர்கள் எண்ணம். அந்த ஐந்து பீப்பாய்களைத் தவிர அவர்களுக்கு வேறு முதல் இல்லை.

சுங்கம் குறுக்கே நின்றது. பதப்படுத்திய பழத்துக்குத் தீர்வை அட்டவணையில் இரண்டு இனங்கள். எடுத்த எடுப்பில் உண்ணத்தக்க பழமா? கடுந்தீர்வை. பின்னால் பக்குவம் செய்வதற்காக உப்பில் போட்டு வைத்தது, அந்த நிலையில் வாயில் வைக்க முடியாததா? இலேசான தீர்வை. முன்னதைக் கட்ட அவர்களால் ஆகாது. கட்டாவிட்டால் பீப்பாய்கள் ஏலத்துக்குப் போகும்.

வக்கீல் வைக்கவும் வழியில்லை. புதுக்கோட்டையில் விவாத சங்க மேடையில் நான் பேசியதை ஒரு மாலை கேட்டிருந்த சவரிமுத்து, என்னைத் தேடி வந்தார். மறுப்பேனா? "வக்கீல் எதுக்கு? நான் வாரேன்" என்று எழுந்துவிட்டேன்.

ரயிலில் என் குறிப்புத் தாள்களை ஆரோக்கியம் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டையுமா பேசப் போறீங்க தம்பி?"

"இது முன்னுரை மட்டுந்தான் அக்கா."

"அந்த ஆபீசர் வாயில ஒரு துண்டு போட்டாப் போதுமே. அவரே துப்பிப்புடுவாரு."

நான் புன்னகை செய்தேன். தருக்கத்தை நம்பாமல் துப்பலை நம்பி வழக்காடுவதா?

பேசினேன், வாசகரே. "உண்ணுதல் என்பது யாது?" என்று தொடங்கி, பசி, சுவை, பக்குவம் என்று படிப்படியாக ஏறி, இந்தத் துண்டு உணவே அன்று, உணவாகப் போகும் ஒரு மூலப்பொருள் என்று நிலைநாட்டினேன். அரைமணி நேரம். பின்னாலிருந்து ஒருவர் "பலே" என்றார். எனக்கு அது போதாதா? மார்பு விரிந்தது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். மாதிரிக்கென்று திறந்து வைத்திருந்த பீப்பாயைக் காட்டினார்.

"சரி, பேச்செல்லாம் கேட்டாச்சு. ருசி பார்த்துடுவோம். எனக்கு இன்னிக்கு ஏகாதசி... வாயில ஒண்ணும் வைக்கிறதில்லை."

சவரிமுத்து ஆவலோடு கை நீட்டினார்.

"நீர் வேணாம். சரக்கு உம்முடையது, எப்படியும் துப்புவீர். பேசினாரே, அவர் ஒண்ணு போட்டுக்கட்டும்."

போட்டுக்கொண்டேன்.

அந்தச் சுவையை எழுத முயல்கிறேன். முதலில் உப்பு - கடலையே ஒரு சிமிழில் அடைத்த உப்பு. அடுத்து, நாக்கைச் சுருட்டி இழுக்கும் துவர்ப்பு. அதற்கும் மேலே மூக்கு வழியாக நெருப்பைப்போல் ஒரு காரம். உடம்பு முழுவதும் ஒரே ஒரு கட்டளைதான் இட்டது: துப்பு!

ஆனால் இருபது பேர் பார்க்கிறார்களே.

தொண்டை வறண்டாலும், கூட்டம் கூச்சலிட்டாலும், கல்லே வந்து விழுந்தாலும் முகம் மாறக்கூடாது என்று ஆறு ஆண்டுகள் பழகியவன் நான். "பலே" வாங்கிய வாயால் பொது இடத்தில் துப்புவதா?

"துப்புங்க தம்பி..." - முதுகுக்குப் பின்னால் ஆரோக்கியத்தின் மெல்லிய குரல். "அட, துப்புங்களேன்!"

கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் மென்றேன். விழுங்கினேன். அங்கவஸ்திரத்தின் நுனியால் உதட்டை ஒற்றிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

"அரைமணி நேரம் பேசினீங்க, அரை நிமிஷம் தின்னீங்க. நான் தின்னதை நம்பறேன். அப்படியே சாப்பிடத்தக்கது. பத்து நாள் டயம் தரேன். ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லுங்க."

வெளியே குழாயடியில் நான் எத்தனை முறை வாய் கொப்பளித்தேன் என்பதை எண்ணவில்லை. ரயிலில் யோசித்துப் பார்த்தேன். ஒரு நீண்ட தருக்கத்தை ஒரு சிறு புன்னகை தரைமட்டமாக்கும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பேச்சை எதிரி மறுத்தால் மறுபேச்சுப் பேசலாம். என் பேச்சை என் முகமே மறுத்துவிட்டால் நான் யாரோடு வாதாடுவது? மேடைக்காரர்களாகிய நமக்குச் சொல்லைத் தீட்டத் தெரிகிறது. முகத்தை மூடத் தெரிகிறது. பிறருக்காகப் பேசப் போன இடத்தில் நம் மானத்தைக் கொஞ்ச நேரம் வாசலில் விட்டுவிட்டுப் போகத்தான் தெரியவில்லை. அன்று அந்த அறையில் நான் காப்பாற்றியது ஒரே ஒரு பொருளை. அது பீப்பாய் அன்று.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஆலங்குடி பஸ்ஸுக்கு நின்றபோது ஆரோக்கியம் கேட்டார்.

"நெசமாச் சொல்லுங்க தம்பி. நல்லாவா இருந்துச்சு?"

"நெருப்பு, அக்கா."

"பெறகு எதுக்குச் சிரிச்சீங்க?"

சவரிமுத்து என்னைக் காப்பாற்றுவதுபோல் குறுக்கிட்டார்.

"விடு புள்ள. பன்னெண்டு வருசம் கொட்டாயில கெடந்தோம்... அதை முழுங்கிட்டுச் சிரிச்ச ஆளை இப்பத்தான் பாக்குறோம். நம்ம ஊருக்குப் பெருமைதானே?"

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, "ஏலம் போட்டா அஞ்சையும் ஒண்ணாப் போடுவாகளா, தனித்தனியாவா?" என்று கணவரைக் கேட்டார்.

மெதுவாகச் சொன்ன சொல்லைப் பின்னால் மறந்துவிடலாம். ஆகவே, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, மேடைக் குரலிலேயே சொன்னேன்:

"அக்கா, வர்ற செவ்வாக்கெழமை மூணு பேருமாத் திரும்பப் போறோம். அதே மேசைக்கு முன்னால, அதே இருபது பேரு பாக்க, இன்னொரு துண்டு திம்பேன். போன தடவை சிரிச்சது பொய்யின்னு சொல்லிட்டு, ஆபீசர் காலடியிலயே துப்புவேன்!"