அம்மா படித்த ஒரே வார்த்தை

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகையால் தடுத்த ஓர் அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் குடியிருந்தோம். பக்கத்துச் சந்தில் இருந்த மசாலா மில்லில் அப்பாவுக்கு அரவை வேலை. பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டவர்களிடம், "வெள்ளைக்காரன் பேசுறது வீட்டுல ஒருத்தருக்காச்சும் புரியணும்ல?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அந்த ஒருத்தர் நான் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மா ஒன்றும் பேசத் தெரியாதவள் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் மலாயிலேயே பேரம் பேசி, மீன் விற்கும் சீனரைக் கையெடுத்துக் கும்பிட வைப்பாள். மலாய் செல்லுபடியாகாத இடங்கள்தான் அவளுக்குச் சங்கடம். கரண்டு பில் கட்டும் கவுண்டர், என் பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி. அங்கெல்லாம் அவளுக்கு நான்தான் வாய், நான்தான் காது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் இதே வேலைதான் பார்த்தார்கள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அப்பா அம்மாவுக்குத் துணை போவது எங்களுக்கு ஒரு கௌரவம்.

அப்பாவுக்கு வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் கௌரவம் உச்சத்துக்குப் போயிற்று. பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். மலாயில் அவருக்குத் தெரிந்தது 'சாக்கிட்' ஒன்றுதான். அப்பாவின் வயிற்றை அமுக்கி "சாக்கிட்?" என்பார், அப்பா வலிக்கிறது என்று தலையாட்டுவார். மீதியெல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும். டாக்டர் என்னைப் பார்த்துப் பேசுவார். நான் முடிக்கும்வரை அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் என்னை அதட்டி உருட்டும் அம்மா, அங்கே என் ஒரு வார்த்தைக்காகக் காத்து நிற்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் சொல்லுவேன்.

ஒருநாள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம், ஓர் அம்மாவும் அவர் மகனும். பையனுக்கு என்னைவிடச் சின்ன வயது. செம்பவாங் பக்கமிருந்து வருவதாக அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மிஸி வந்தார். நர்ஸை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பையன் முன்னால் குனிந்து, தோளில் கை வைத்து இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். பையன் தன் அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"என்னடா சொன்னாங்க? வாயத் தொறந்து சொல்லேன்டா!" என்று அந்த அம்மா அவனைப் பிடித்து உலுக்கினார். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். கடைசியில், "அப்பா செத்துட்டாராம்" என்றான். சொல்லிவிட்டு, தப்பாகப் பதில் சொன்ன பிள்ளை அடிக்குப் பயந்து ஒதுங்குவதுபோல் ஓர் அடி பின்னால் போனான். அந்த அம்மா போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

எனக்கு அந்தப் பையன்மேல் எரிச்சல்தான் வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "நானா இருந்தா ஒழுங்கா, தெளிவா சொல்லியிருப்பேன்மா" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகியது. வளையல் அழுந்தி வலித்தது.

மறுநாள் காலை அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மா அறிவித்தாள். "எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு."

"உனக்கா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

நான் ஏ, பி, சி என்று ஆரம்பித்தேன். அம்மா கையை ஆட்டித் தடுத்துவிட்டாள். எழுத்தெல்லாம் அவளுக்கு வேண்டாமாம், எழுதி யாருக்குக் காட்டப்போகிறாள்? ஆஸ்பத்திரியில் பேசினால் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதுவும் சீக்கிரம். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், அது முடிந்ததும் பெரிய டாக்டர் கூப்பிட்டுப் பேசுவார். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.

"அந்த டாக்டர் வாயத் தொறந்தா டேக்கு டேக்குனு எதையோ சொல்றாரே, அது என்னடி?"

"டேக். எடுன்னு அர்த்தம்."

"எதை எடுக்கச் சொல்றாரு?"

நான் யோசித்தேன். மருந்தை டேக் என்றால் சாப்பிடுவது. ரெஸ்ட்டை டேக் என்றால் ஓய்வாகப் படுத்திருப்பது. மிஸி டெம்பரேச்சர் டேக் என்றால் காய்ச்சல் பார்ப்பது. எதையும் எடுப்பதாகவே தெரியவில்லை. பள்ளிக்கூட டிக்‌ஷனரியைக் கொண்டுவந்து பிரித்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் போட்டிருந்தான், அடுத்த பக்கத்திலும் தொடர்ந்தது. எனக்கு மலைப்பாக இருந்தது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரே வார்த்தை இவ்வளவு வேலை செய்யுதா? அப்ப இதை மொதல்ல சொல்லிக் குடு. சும்மா ஒரு வேலை செய்யிற வார்த்தையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

குடும்பம் நடத்துகிறவளின் கணக்கு அது. நான் ஒன்றொன்றாகச் சொல்ல, அம்மா அம்மிக்குழவியை இழுத்தபடியே திருப்பிச் சொன்னாள். எவ்வளவு திருத்தினாலும் வாலில் ஓர் 'உ'வைச் சேர்த்து 'டேக்கு' என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவள் அசரவில்லை. துணி துவைக்கும்போது, அரிசி களையும்போது, குழாயடியில் வரிசையில் நிற்கும்போது என்று எந்நேரமும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து அறைக்காரர்கள், அப்பா குணமாக அம்மா ஏதோ மந்திரம் ஜெபிப்பதாக நினைத்தார்கள்.

கீழ்க்கடையில் ஒரு தையற்காரர் இருந்தார். நாகூர் பக்கத்துக்காரர், வெள்ளைக்காரத் துரைகளுக்குக் கால்சட்டை தைத்துப் பழகியவர். அம்மா அவரையும் விடவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட டேக்கு இருக்கா?"

அவர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏன் இல்லாம, தங்கச்சி? ஆளை நிக்கவச்சு அளவு எடுத்தா அது ஒரு டேக். துரை எளச்சுப் போயி, இடுப்புல பிடிச்சுத் தைக்கணும்னாலும் டேக்குத்தான். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை லா. துரை கை எங்க இருக்குனு பாத்தா போதும், என்ன கேக்குறான்னு தெரிஞ்சிடும்."

அன்று மாடிப்படி ஏறும்போது அம்மா பாதியில் நின்றாள். "நம்ம 'பிடி' மாதிரிதாண்டி இது" என்றாள். "மீனைப் பிடிக்கலாம், பஸ்ஸைப் பிடிக்கலாம், மாப்பிள்ளை பிடிக்கலாம். ஒருத்தரை எனக்குப் பிடிக்குதுங்கிறோம். சனியன் பிடிச்சிருக்குங்கிறோம். இதையெல்லாம் நமக்கு யாரு உக்காந்து சொல்லிக் குடுத்தா? சொல்ற ஆளு மூஞ்சியப் பாத்துத்தானே புரிஞ்சுக்கிட்டோம்?"

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நான் டிக்‌ஷனரியில் மனப்பாடம் செய்து தலைகீழாக ஒப்பிக்கிறேன், இவள் படிக்கட்டில் நின்றபடியே அதன் குடுமியைப் பிடித்துவிட்டாளே! அதற்குப் பிறகு அம்மா என் பட்டியலுக்குக் காத்திருக்கவில்லை. டிராலி பஸ்ஸில் யாராவது இங்கிலீஷ் பேசினால், என்ன ஏதென்று தெரியாமலே, அவர்கள் முகத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தர்மசங்கடப்பட்டு இடம் மாறி உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மாலையில் பார்வையாளர் நேரத்தில் அப்பாவுக்கு முன்னால் அம்மா தன் பாடத்தை ஒப்பிப்பாள். அவர் என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். "டீச்சரம்மா, இவ தேறுவாளா?" என்பார். சிரித்தால் வயிறு வலிக்கும் அவருக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார். "உனக்கு எதுக்குடி இந்த வயசுல இதெல்லாம்? அதான் புள்ள இருக்காளே" என்று ஒருநாள் கேட்டார். "அவ புள்ளதானே" என்றாள் அம்மா. நான் அதை எனக்குக் கிடைத்த அவமானமாக எடுத்துக்கொண்டு, அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் கூப்பிட்ட நாளில் நான் பள்ளிக்கூடச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, பெரிய மனுஷியாகக் கிளம்பினேன். டாக்டர் அறைக் கதவைத் திறந்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார். வா என்று கையசைத்தார். அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

அம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வெளிய போயி உக்காரு" என்றாள்.

"நான் இல்லாம உனக்கு எப்படிம்மா புரியும்?"

"போன்னா போ."

என்னை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, டாக்டரை நேராகப் பார்த்து அம்மா இங்கிலீஷில் பேசினாள். "ஷீ ஸ்மாலு. யூ டெல் மீ. ஸ்லோ டெல்."

அதில் இலக்கணமும் இல்லை, நான் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்த டேக்கும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் எழுந்து வந்தார். அவரே கதவைச் சாத்தினார்.

நடையில் உட்கார்ந்து நான் கருவிக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பிடுங்கிவிட்டாளே! நாலு வார்த்தை வந்ததும் நான் வேண்டாதவளாகிவிட்டேன். தட்டுத்தடுமாறி, ஒன்றும் புரியாமல், கடைசியில் என்னைக் கூப்பிடத்தான் போகிறாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். வந்தவள் நேரே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நல்ல வெயில், அதனால்தான் என்று நினைத்தேன்.

"என்னம்மா சொன்னாரு?"

"அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாம்."

என் கோபமெல்லாம் பறந்துவிட்டது. அந்த நடையிலேயே குதித்தேன். வாசலில் அம்மா எனக்குக் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்தாள். கேட்காமலே வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் கடலையைக் கொறித்தபடி நான் என் மாணவியை விசாரித்தேன்.

"டாக்டர் டேக் சொன்னாரா?"

"சொன்னாரு. நெறைய தடவ சொன்னாரு."

"எல்லாம் புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது" என்றாள் அம்மா.

"பாத்தியா, யாரு சொல்லிக் குடுத்தது!" என்றேன். அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சிராங்கூன் ரோடு வரும்வரை விடவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்குத் தெருவில் கடைகள் போடுவதற்கு முன்பே இறந்துபோனார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லையென்று அப்படியே தைத்து மூடிவிட்டார்கள். புற்று. இதை அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு. ஆனால் அப்பா ஜன்னலோரம் பாயில் படுத்திருந்த அந்த வாரங்களில், அவர் குணமாகித்தான் வந்திருக்கிறார் என்று நான் முழுமனதோடு நம்பினேன். பள்ளியிலிருந்து ஓடி வருவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதையளப்பேன், எப்போது மில்லுக்குப் போவீர்கள் என்று கேட்டு நச்சரிப்பேன். நீ சொன்னால் நாளைக்கே போகிறேன் என்பார். அந்தச் சந்தோஷத்தை அம்மா எனக்காகச் சம்பாதித்துக் கொண்டுவந்திருந்தாள். அது இல்லாத ஒரு குழந்தைப் பருவத்தை என்னால் இப்போது நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த மனக்குறை வேறு. ஒரு மாலை நான் டிக்‌ஷனரியோடு அடுப்படியில் போய் நின்றேன். டேக்கில் இன்னும் பாதி அர்த்தம் பாக்கி இருந்தது. அம்மா அப்பாவுக்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "போதும்டி, வச்சிடு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. நான் அப்பாவிடம் ஓடினேன்.

"அம்மா படிக்க மாட்டேங்குறாங்கப்பா. நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தாங்க."

"விடு டீச்சரம்மா" என்றார் அப்பா. "அவளுக்கு வேண்டிய அளவுக்குப் படிச்சிட்டா."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவ்வளவு பிடிவாதமாகப் படித்தவள், இன்னும் கொஞ்சம் முயன்றால் என்னைப்போலவே பேசியிருப்பாள். கைக்கு வந்த நேரத்தில் இப்படிப் பாதியிலேயே விட்டுவிட்டாளே, இவ்வளவு சோம்பேறியா நம் அம்மா என்று நினைத்துக்கொண்டு, டிக்‌ஷனரியை மூடி வைத்தேன்.