தாம்பாளம் தெரியாத கோணம்

என் மகளின் முதல் எழுத்தை, அதற்கு உரியவரிடமிருந்து நான் பறித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறித்தேன். நான்கு வருடம் ஆகிறது. இன்றும் அவருக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் எழுந்து போக விரும்பினால் போகலாம்.

அவர் என் மாமனார். நான் அச்சன் என்று கூப்பிடுவேன், பிள்ளைகளுக்கு அப்பூப்பன். கொல்லத்துக்காரர். வேலைக்காக நாக்பூர் போய் நாற்பது வருடம் அங்கேயே தங்கிவிட்டவர். அங்கிருந்து எங்கள் குன்னத்துகாலுக்கு ஒன்றரை நாள் ரயில். நாங்கள் இருப்பது கேரளம். பத்து நிமிடம் நடந்தால் தமிழ்நாடு. எங்கள் வீட்டுக் கோழி காலையில் அங்கே மேய்ந்துவிட்டு மாலையில் இங்கே வந்து அடையும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கலாம். விஜயதசமி அன்று மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்து, பொன்மோதிரத்தால் நாக்கில் எழுதுவோம். பிறகு அதன் விரலைப் பிடித்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் முதல் எழுத்தை எழுதவைப்போம். எழுத்தினிருத்து என்று பெயர். விரலைப் பிடிப்பவர் குடும்பத்தின் மூத்தவர். எந்த மொழியில் எழுதுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார்... யாரும் கேட்பதே இல்லை, அது முடிவான விஷயம்.

என்னையும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் "வாறேன்", "உண்டு" என்று தமிழ் பேசிக்கொண்டே என் நாக்கில் மலையாளம் எழுதினார்கள். என் தாத்தா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர் பேனாவுக்குச் சோறு போட்டது அந்த எழுத்து. தமிழை நான் பத்தொன்பது வயதில் கற்றேன். யார் கற்றுத் தந்தார்? பாறசாலை ஜங்ஷனில் வந்து நிற்கும் நாகர்கோவில் பஸ்களின் பெயர்ப்பலகைகள். க... ளி... யக்... கா... விளை. தாவணி வயதில் நடுரோட்டில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தவள் நான். கண்டக்டர் விசிலடித்துவிட்டுக் கேட்டான்: "ஏறுறியா, படிச்சிட்டு நிக்கியா?"

அன்றிலிருந்து இன்றுவரை எழுதுகிறேன். கவிதையா உரைநடையா என்று கேட்டால் எனக்கே தெரியாத ஏதோ ஒன்றை எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் அந்தப் பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்படுகிற சத்தம் கேட்கிறது. பிந்தி வந்தவளின் பதற்றம் அது. என் மகள் பிந்தக் கூடாது! அவ்வளவுதான் என் நியாயம். சின்னதாகத் தெரிகிறதா? எனக்குச் சின்னதில்லை.

அவருடைய நியாயத்தையும் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். நாக்பூரில் அவர் பிள்ளைகள் இந்தியில் படித்தார்கள். என் கணவன் சசிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நெய்யாற்றின்கரையில் பம்புசெட் பழுதுபார்க்கும் தன் கடையின் பலகையையே படம் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பான். சொந்த மகனிடம் தோற்றுப்போன எழுத்து, பேத்தியிடம் வந்து சேரும் என்று அச்சன் காத்திருந்தார். கேரள மண்ணில் வளரும் ஒரே பேத்தி மாளு. அவளுக்கு மூன்று வயதாவதை அவர் நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்று வயதானபோது நோய்க்காலம் வந்தது. ரயில் இல்லை.

அவர் மோதிரத்தைக் கூரியரில் அனுப்பினார். தலைவலித் தைலக் குப்பி ஒன்றைக் கழுவி, பஞ்சு வைத்து, அதற்குள் மோதிரம். போனில் சொன்னார்: "மோளே, நீ விரல் பிடிச்சா மதி. ஞான் இவிடெயிருந்து சொல்லித் தராம்." விரலை நான் பிடித்தால் போதுமாம். அவர் அங்கிருந்து சொல்லித் தருவாராம்.

என்னை நம்பி அனுப்பினார். ஆமாம்... என்னைத்தான்.

விஜயதசமி காலை. விளக்கு, தாம்பாளம், பச்சரிசி. சசி மாளுவை மடியில் வைத்துக்கொண்டான். போனை நான் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். குழந்தையின் முகம் தெரிந்தது, தோள் தெரிந்தது, என் முழங்கை தெரிந்தது. தாம்பாளம் தெரியவில்லை.

தற்செயல் என்று நினைக்கிறாயா? இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்து வைத்த கோணம் அது.

"மோளே, தாலம் காணுந்நில்லல்லோ. லேசம் தாழ்த்திக்கே." தாம்பாளம் தெரியவில்லையாம், போனைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டுமாம்.

"நெட்டு விட்டு விட்டு வருது அச்சா. அசைச்சா கட்டாயிரும்."

"எங்கில் வேண்டா, வேண்டா. அனக்கண்டா." பதறிப்போய்ச் சொன்னார். அசைக்கவே வேண்டாமாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஹரி... ஸ்ரீ..." என்று இழுத்துச் சொன்னார். அந்தக் குரலில் நாற்பது வருடம் இருந்தது. நான் மாளுவின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதினேன்... அ. தமிழின் அ. பெரிதாக, தாம்பாளம் கொள்ளாமல்! நாக்கிலும் அதுதான். தைல வாடை பிடிக்காமல் குழந்தை முகத்தைச் சுளித்தாள். அங்கே அவர்கள் கை தட்டினார்கள். "சரஸ்வதி வந்நு கேறி!" என்று மாமியார் குரல் கேட்டது; சரஸ்வதி வந்து ஏறிவிட்டாளாம்.

சசி எனக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும்! அச்சன் இழந்ததை வைத்தே அச்சனை ஏய்த்தேன். என் குற்றத்தில் எனக்கே அருவருப்பான பகுதி இது.

பிறகு அரிசியை நிரவிவிட்டு, ஹரிஸ்ரீயின் முதல் எழுத்தான மலையாள 'ஹ'வை என் விரலால் எழுதி, அதன் மேல் குழந்தையின் விரலை வைத்துச் சசியைப் படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் இன்று நாக்பூர் வீட்டின் முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அதில் இருப்பது என் கையெழுத்து.

நீ கேட்பாய்: மறுநாள் தமிழ் எழுதவைத்திருக்கலாமே? இருக்கலாம். ஆனால் இரண்டாவதாக வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதிலேயே வாழ்கிறேன்.

நீ இன்னும் கேட்பாய்: அவரிடமே கேட்டிருக்கலாமே? இதுதான் என்னைக் குத்துகிறது, கேள். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார். "அதினெந்தா மோளே, ரண்டும் எழுதிக்கோ" என்றிருப்பார். பாண்டித் தமிழ் என்று என்னைக் கேலி செய்வாரே தவிர, மனிதர் தங்கம். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டாம்! பள்ளிக்கூடம் அவருடையது. கேரள பஸ் போர்டு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடைத்தெரு எல்லாம் அவருடைய எழுத்து. தமிழ்நாட்டுக்காரன் என் தமிழைக் கேட்டு "நீங்க மலையாளியா?" என்கிறான். இத்தனைக்கும் நடுவில் நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எழுத்து. அதையும் கையேந்தி வாங்க வேண்டுமா? மாட்டேன். அன்றும் மாட்டேன் என்றேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் இது என் பாவம் மட்டும்.

மாளுவுக்கு ஐந்து வயதானபோது பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். எதிரே வந்த வண்டியின் பலகையை அவள் சடசடவென்று வாசித்தாள். "மார்த்தாண்டம்!" எழுத்துக்கூட்டவில்லை. நிறுத்தவில்லை. எனக்கு மார்பு விம்மியது... வாய் தவறிவிட்டது. பெருமையில்தான் தவறியது.

"உனக்க முதல் எழுத்தே தமிழாக்கும் மக்கா. அம்மைதான் எழுதிச்சேன்."

"அப்பூப்பன் இல்லியா?"

"இல்ல. அப்பூப்பன்கிட்ட சொல்லாத என்ன. அவருக்கு வெஷமமாவும், சங்கடப்படுவாரு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப அது கள்ளம் இல்லியா அம்மா?"

"கள்ளமில்ல மக்கா, ரகசியமாக்கும்."

எவ்வளவு எளிதாகச் சொன்னேன்! எத்தனை சொற்களை எடைபோட்டுப் பார்த்துக் கீழே வைத்தவள்... பிள்ளையிடம் அந்த ஒரு சொல்லை எடைபோடாமல் நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்கு நாக்பூரிலிருந்து வீடியோ கால் வரும். அச்சனுக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் கேட்பார். அவருக்கு அது விளையாட்டு. "மோளே, அப்பூப்பன் எழுதிச்ச ஆத்யத்தெ அட்சரம் ஏதா?" அப்பூப்பன் எழுதவைத்த முதல் எழுத்து எது?

அதுவரை அவள் விவரமறியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாறசாலைக்குப் பிறகு வந்த ஞாயிறு, முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "ஹ!" என்றாள். சிரித்துக்கொண்டே. அவர் தொடையில் தட்டி மகிழ்ந்தார். இரண்டு வருட ஞாயிறுகளை நீயே கூட்டிப் பார். நான் கூட்டுவதில்லை.

இந்த விஜயதசமிக்கு அச்சன் நேரில் வந்தார். என் மகன் கண்ணனுக்கு மூன்று வயது. மாமியாருக்கு முழங்கால் வலி, வரவில்லை. அச்சன் ரயிலில் தனியாக வந்தார்; சட்டைப்பையில் அதே தைலக் குப்பி. கதவைத் தாண்டியதும் முதல் வேலையாக அதை எடுத்துச் சாமி படத்தின் முன் வைத்தார்.

காலையில் அரிசியில் கல் பொறுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இவன் அவருடையவன். ஒருத்தி எனக்கு, ஒருவன் அவருக்கு. சரிதானே? மனசு லேசாக இருந்தது. சட்னி அரைக்கும்போது பாடினேன் என்று சசி சொன்னான்.

தாம்பாளத்தின் முன் உட்கார்ந்ததும் அச்சன் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

"என்றெ கை விறைக்குந்நு மோளே. நீ தந்நெ பிடிச்சோ. மாளுவினு நீ எழுதிச்சது எத்ர நன்னாயி!"

நானே விரலைப் பிடிக்க வேண்டுமாம். மாளுவுக்கு எவ்வளவு நன்றாக எழுதவைத்தேன்... அவரே சொன்னார்.

கண்ணனை என் மடியில் இருத்தினேன். நாக்கில் அவருடைய எழுத்தையே எழுதினேன். சத்தியமாக. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் தாம்பாளத்தின் மேல் குனிந்தார். இத்தனை வருடம் பார்க்க முடியாமல் போன அந்த இடத்தை ஆசையோடு பார்த்தார். "ஹரி..." என்று தொடங்கினார்.

அப்போது மாளு எழுந்தாள். அவருக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் புகுந்து அவர் மடியில் ஏறினாள். இரண்டு கைகளாலும் அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பூப்பா, இங்ஙோட்டு நோக்கே. என்றெ பல்லு ஆடுந்நு!"

"எவிடெ? காணட்டே." அவர் கண்ணாடியைச் சரிசெய்து அவள் வாய்க்குள் பார்த்தார். வாயை ஆவென்று திறந்தபடி, அவர் காதோரமாக, மாளு என்னைப் பார்த்தாள்.

எழுது, என்றன அந்தக் கண்கள். சீக்கிரம்!

அவளுக்கு ஆடுகிற பல் எதுவும் இல்லை.

நான் செம்பில் சாய்த்து வைத்த அதே கோணம். இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை. என்னைவிட நேர்த்தியாக, நெட்டு கட்டாகும் என்று சாக்குச் சொல்லாமல், சிரித்த முகத்தோடு! நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காலையில் கல் பொறுக்கும்போதே எடுத்த முடிவல்லவா?

வழி திறந்திருந்தது. நான் அ எழுதினேன்.

எழுதி முடித்து அரிசியை நிரவிவிட்டு 'ஹ' போட்டேன். அச்சன் திரும்பிப் பார்த்தார். "கழிஞ்ஞோ? ஓ, ஞான் கண்டில்லல்லோ!" என்று, முடிந்ததைப் பார்க்காமல் விட்டதற்காகத் தன்னையே கடிந்துகொண்டு, அந்த 'ஹ'வைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு அரிசி மணிகள் அவர் இமையில் ஒட்டிக்கொண்டன. மாளுதான் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ரயிலேறிப் போனார். மோதிரத்தை எங்களிடமே விட்டுவிட்டார்; இனி அது மாளுவுக்காம், அவள் பிள்ளைகளுக்கு அவள் எழுதவைக்க வேண்டுமாம்.

எழுத்துக்காக நான் வருந்தவில்லை. இன்னொரு பிள்ளை பிறந்தாலும் அதைத்தான் எழுதுவேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்வேன். ஆனால் அவள் அந்தத் தாடையைத் திருப்பிய விதம்... அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு இடம் தெரியவில்லை. நிரவிவிட அது அரிசி அல்ல.

போன ஞாயிறு பத்து மணிக்குக் கால் வந்தது. அச்சன் இம்முறை கண்ணனைக் கேட்டார். "மோனே, அப்பூப்பன் எழுதிச்ச அட்சரம் ஏதா?"

கண்ணன் யோசித்தான். வாயை அகலத் திறந்தான். அந்த வாய் எந்த எழுத்துக்குத் திறக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மாளு சட்டென்று உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தி, காதில் ஏதோ சொன்னாள். கையை எடுத்தாள்.

"ஹ!" என்றான் கண்ணன்.

நாக்பூரில் கைதட்டல். இங்கே அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.