கறைக்குக் கேட்ட மருந்து

சிவகாசிப் பக்கம் வந்து யாராவது மருந்து என்று சொன்னால், எந்த மருந்து என்று கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது. வெடிக்குள் போவதும் மருந்து, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. கோட்டைச்சாமி இருபத்திரண்டு வருடம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கினார். இப்போது பதினான்கு மாதமாக அந்த முதலாளி வீட்டு நீச்சல் குளத்துக்கு மருந்து போடுகிறார்.

இடையில் நடந்தது இதுதான். கம்பெனியில் ஆறாம் நம்பர் ரூம் வெடித்தது. அங்கே வேலை பார்த்த அவர் மனைவி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், “சாப்பிட்டுப் போங்க” என்றார் கோட்டைச்சாமி. அதற்குப் பிறகு சோறு போட்டால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். “அந்த மனுசன் இனிமே அங்கன வேண்டாம்” என்று முதலாளியம்மா சொர்ணலட்சுமிதான் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார். நல்ல மனசு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

ஊர் தண்ணி வண்டிக்குக் குடத்தோடு காத்து நிற்கும். இங்கே லாரி லாரியாக இறக்கிய தண்ணீர் நீல டைல்ஸுக்கு மேலே சும்மா கிடக்கும். யார் குளிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் கோட்டைச்சாமி இரண்டு சின்னக் குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒட்டிப் பார்த்தால் புளிப்பு எவ்வளவு என்று தெரியும். அது ஏழரையை ஒட்டி நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஏழரை என்றால் சனி, இந்தத் தண்ணீருக்கு மட்டும் அதுதான் நல்ல நேரம்.

போன வாரம் வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்க வந்தவர்களுக்குக் குளத்தங்கரையிலேயே புது மாடல் கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் காட்டினார்கள். பொறியாகப் பறப்பது இரும்புத்தூள். பாதி தண்ணீரில்தான் விழுந்தது. இரண்டு நாளில் தரையிலும் வெள்ளைப் படியிலும் காவி நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கறை ஏறியது.

கோட்டைச்சாமி குளோரினைக் கூட்டிப் போட்டார். மருந்தைக் கூட்டினால் சத்தம் கூடும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. கறை கறுத்தது. இன்னும் கூட்டினார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்கெல்லாம் வாயில் வரும், கைக்கு வராது.

வெள்ளிக்கிழமை சொர்ணலட்சுமி வந்து பார்த்தார். “என்ன கோட்டைச்சாமி, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு! அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுக்காரங்க வாராக. அதுக்குள்ள போகலைன்னா குளம் பாக்குற மதுரைக் கம்பெனிக்கே விட்டுருவோம். நீங்க பழையபடி மருந்து கலக்கப் போயிருங்க.”

“சரிம்மா” என்றார். பயம் வர வேண்டிய இடம். வரவில்லை.

வீட்டில் சொன்னபோது மகள் பொன்மணிதான் பயந்தாள். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். “நீங்க அங்கன போனா நானும் திரி சுத்த வாரேன். நீங்க ரூமுக்குள்ள இருக்கையில, எந்தப் பக்கம் சத்தம் கேக்குதுன்னு காலேஜ்ல உக்காந்துக்கிட்டு இருக்க என்னால முடியாதுப்பா.” சொன்னால் செய்கிற பிள்ளை. கோட்டைச்சாமி உடனே மதுரையில் குளத்து மருந்து விற்கும் கடைக்குப் போன் போட்டார்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “குளோரினை நிப்பாட்டுங்கண்ணே! இரும்புக் கறைக்கு அது ஆகாது. வைட்டமின் சி மாத்திரை ஒண்ணை வச்சு ஒரு நிமிசம் தேச்சுப் பாருங்க. கறை விட்டுச்சுன்னா அதே சரக்கைப் பவுடரா பஸ்ஸுல போட்டு விடுறேன்.”

வைட்டமின் சி. புண் ஆற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரை. கோட்டைச்சாமி பீரோவைத் திறந்து, மிச்சமிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“அது அம்மா மாத்திரைல்லப்பா?”

“ஆமா தாயி. கறைக்குக் கேக்குமாம்.”

மறுநாள் காலையில் முதலாளியம்மா பார்த்துக்கொண்டு நிற்க, முழங்கால் தண்ணீரில் குனிந்து படியில் மாத்திரையை வைத்துத் தேய்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கறை கரைந்து, விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. பதினோரு நாள் வேளை தவறாமல் விழுங்கியவளுக்குக் கேட்காத மருந்து, படிக்கட்டுக்குக் கேட்டுவிட்டது. கோட்டைச்சாமி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பவுடருக்குச் சொன்னார்.

குளோரின் இறங்கும்வரை பொறுத்து, பவுடரைத் தூவினார். அது தண்ணீரைப் புளிக்க வைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், அதனால் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஏழரைக்கு ஏற்றினார். செவ்வாய்க்கிழமை தரை பளிச்சென்று இருந்தது.

சொர்ணலட்சுமிக்கு ஒரே சந்தோஷம். “மதுரைக்காரன் எதுக்கு? இனிமே நீங்கதான். அந்தா, மூலையில ஒரு பொட்டு தெரியுது பாருங்க. அன்னைக்குத் தேச்சீகளே, அந்த மாத்திரை மிச்சம் இருக்குமுல்ல? தேச்சுட்டு அட்டைய இங்கனயே போட்டு வைங்க, அவசரத்துக்கு ஆகும்.”

“மெடிக்கல்ல புதுசு வாங்கியாறேன்ம்மா.”

“எதுக்கு? இருக்கிறதை வச்சுக்கிட்டு?”

“அதைத் தர மாட்டேன்ம்மா. அது வள்ளித்தாயோடது.”

“வள்ளித்தாயா? அது யாரு?”

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கோட்டைச்சாமிக்கு வலித்தது. இவ்வளவு வலியா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

“எம் பொண்டாட்டிம்மா. ஒங்க ஆறாம் நம்பர் ரூம்ல இருந்தவ” என்றவர், ஈரப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.