பின்வரிசைக்கு எட்டாத லென்ஸ்

செய்தி வந்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். நான் வேலை செய்யும் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை மும்தாஜ் போன் செய்தாள். “அஞ்சலக்கா, எங்க இருக்கிற? அண்ணன் பூட்டாரு அக்கா” என்றாள். “எந்த அண்ணன்?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டேன். “நம்ம சவரிமுத்து அண்ணன்தான். காலைல கடையத் தொறந்து நாற்காலில உக்காந்திருந்தாரு. டீ வேணுமான்னு கேட்டேன். திரும்பவே இல்ல.” அரிசி வாங்காமல் பையை மடித்துக்கொண்டு செஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

முப்பதாம் நாள் பூசைக்காக அச்சடிக்கும் இந்த நினைவு மலரைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது அவருக்கு முன்னால் உட்கார்ந்து, “தாவாக்கட்டைய இறக்குங்க” என்று அவர் வாயால் கேட்டவர்கள்தான். நான் இருபத்தொன்பது வருஷம் கேட்டேன். அஞ்சாவது வரைக்கும் படித்த என்னைப் படம் கழுவவும், காயப்போடவும், சட்டம் அடிக்கவும் வைத்துக்கொண்டார். கடைக்கு வந்ததில் பாதி வேலை செத்தவர்களின் படம். உயிரோடு இருக்கும்போது யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வதில்லை. செத்த மூன்றாம் நாள் ஏதோ ஒரு கல்யாணக் கும்பல் படத்தைக் கொண்டுவந்து, “இதுல ஓரத்துல நிக்கிறாரே, இவரப் பெருசு பண்ணிக் குடுங்க” என்பார்கள்.

என் வீட்டுக்காரர் முருகேசன் போனபோது நானும் அப்படித்தான் போய் நின்றேன். போட்டோ கடையில் வேலை செய்துகொண்டு புருஷனை ஒரு படம் எடுத்து வைக்கவில்லையா என்று ஊர் கேட்டது. நாளைக்கு எடுத்துக்கலாம் என்பார் அவர், நானும் விட்டுவிட்டேன். இருந்த ஒரே கும்பல் படத்தில் அவர் முகம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து தூரிகையால் கண்ணை வரைந்தார். நான் பார்த்துவிட்டுச் சொன்னேன், “அண்ணே, சட்ட அவருது. கண்ணு அவருது இல்ல.”

“தெரியும்.”

“இது யாரு கண்ணு?”

“எங்க நைனா கண்ணு. கைக்கு அதுதான் வந்துது. மன்னிச்சிடு அஞ்சல.”

அந்தப் படம்தான் இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது. முருகேசன் சட்டைக்குள்ளிருந்து அண்ணனின் அப்பா என்னைப் பார்க்கிறார். பொட்டு வைக்கும்போது முறை தெரியாத ஆள் முன்னால் நிற்பதுபோலக் கூச்சமாக இருக்கும். அன்றிலிருந்து அண்ணன் யாருக்கும் கண் வரையவில்லை. “முகம்னா கண்ணுதான். மத்ததெல்லாம் தலைகாணி” என்று சொல்ல ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மனைவி பங்காக வந்த நிலத்தை விற்று ‘மீடியம் ஃபார்மட்’ டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறேன் என்றார். பஜாரே சிரித்தது. செல்போனை நீட்டினால் படம் விழுகிற காலத்தில் கிழவனுக்குக் கிறுக்கு என்றார்கள். அவர் சொன்ன கணக்கு எனக்கு மட்டும் புரிந்தது. சாதாரண கேமராவுக்குள் படம் விழுகிற தகடு பெரிய தபால்தலை அளவு. இதில் ஏறக்குறைய தீப்பெட்டி லேபிள் அளவு. அறுபது பேரை ஒன்றாக நிற்க வைத்து எடுத்தாலும், அதில் எந்த முகத்தை வெட்டி எடுத்துச் சுவர் அளவு பண்ணினாலும் கண் கண்ணாகவே நிற்குமாம். “செல்லுல ஆயிரம் படம் எடுக்கிறான் அஞ்சல. எல்லாம் தன்னையே எடுக்கிறான். கூலிக்குப் போறவளையும் கெழவனையும் எவன் எடுக்கிறான்?” என்றார்.

வாங்க உதவியது என் பேத்தி வெண்ணிலா. எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர் அவள்தான், இதை எந்த இடத்திலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. ஆறு மாதம் போனில் தேடித் தேடி, எந்தக் கேமரா, பழசு வாங்கலாமா, எந்த லென்ஸ் என்று அண்ணனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் மூன்று பேரும் சென்னைக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர், “சார், எதுக்கு எடுக்கறீங்க? கல்யாண ஆர்டரா, விளம்பரமா?” என்று கேட்டார். அண்ணன், “சாவுக்குத் தம்பி” என்றார். அந்த மனுஷன் வெண்ணிலாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் கேமராவை வாசலுக்குக் கொண்டுபோய், எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களை லென்ஸ் மாற்றி மாற்றி எடுத்தார். அகல லென்ஸில் கும்பல் முழுக்க விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் நின்ற பூக்காரம்மாவின் முகம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது.

“இந்தம்மாவ இன்னாத்துக்குப் பூசணிக்கா ஆக்கிட்ட?” என்றார் கடைக்காரரிடம், அவர்தான் ஆக்கினதுபோல.

“அகல லென்ஸ்ல ஓரம் அப்படித்தான் சார்.”

“எங்க ஊர்ல ஓரத்துல யாரு நிக்கிறாங்கன்னு தெரியுமா உனக்கு? இது வேணாம்.”

எண்பது எம்.எம். லென்ஸை எடுத்தார். அதில் ஓரத்து முகம் இழுக்காது. ஆனால் ரொம்பத் தள்ளிப் போய் நின்றுதான் எடுக்க வேண்டும். “தெருவுல இடம் இருக்காது தாத்தா” என்றாள் வெண்ணிலா. “வயலுக்குக் கூட்டிக்கினு போறேன்மா” என்றார்.

அப்படியே காணும் பொங்கல் அன்று தளவானூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன எல்லோரும் வீட்டில் இருக்கிற நாள் அது ஒன்றுதான். அறுத்த வயலில் நாற்காலி போட்டு, பெஞ்சு தூக்கிவந்து, ஆட்களைத் திரட்டுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. கடைசியாக என் மருமகள் சுமதி, வெண்ணிலாவின் அம்மா, குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள். வெண்ணிலா அந்த நேரம் பெஞ்சு போதவில்லை என்று தெருவுக்கு ஓடியிருந்தாள்.

அண்ணன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, “சுமதி, முன்னால ஒரு நாற்காலி காலியா இருக்குது, வந்து உக்காரும்மா” என்றார்.

“நான் எதுக்குண்ணே” என்று சுமதி என்னைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். “மாமனார் மொறைல இருக்கிறவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. அவ பின்னால நிக்கட்டும்.” எங்கள் வழக்கம் அது. மருமகள் முன்வரிசையில் உட்காருவதை நான் பார்த்ததில்லை, நானும் உட்கார்ந்ததில்லை. சுமதி பின்னால் போய்ப் பெஞ்சில் ஏறி நின்றாள். அண்ணன் மறுபடி கேமராவுக்குள் குனிந்தார்.

அதற்குள் வெயில் குடவரைக் கோயில் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பெஞ்சோடு திரும்பி வந்த வெண்ணிலா, “ஐஎஸ்ஓவ ஏத்துங்க தாத்தா, இந்தக் கேமரால ஒன்னும் ஆகாது” என்று கத்தினாள். ஐஎஸ்ஓ என்பது கொஞ்ச வெளிச்சத்திலும் படம் விழ வைக்கும் கணக்கு. “ஏத்துனா மூஞ்சில புள்ளி விழும்மா, நான் பட்டிருக்கேன்” என்று லென்ஸின் ஓட்டையை, அப்பர்ச்சர் என்பார்களே அதை, முழுதாகத் திறந்துவிட்டார். அப்படித் திறந்தால் ஒரு வரிசைதான் தெளிவாக விழும். அவர் முன்வரிசையைப் பிடித்தார். “மொதல்ல போவப்போறது நாற்காலில இருக்கிற கெழடுங்கதான? அவங்க தெளிவா இருந்தா போதும்” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர்கள் காதில் விழுந்து, “உன்ன அனுப்பிட்டுதான்யா போவோம்” என்று கத்தினார்கள். அந்தச் சிரிப்போடு படம் விழுந்தது.

அவர் சொன்னது பாதி நடந்தது. அதற்குப் பிறகு நாற்காலியில் இருந்தவர்களில் நான்கு பேர் போனார்கள். நான்கு பேருக்கும் சுவர் அளவு படம் கொடுத்தார். மூக்கு நுனி மருவில் முடிகூடத் தெரிந்தது. அந்த வருஷ ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த சுமதி ஒன்பதாம் நாள் போனாள். நாற்பத்திமூன்று வயது. செல்லை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். அடையாள அட்டையில் இருந்ததோ யாரோ திருடியின் முகம்.

ஸ்டூடியோக் கம்ப்யூட்டரில் அண்ணன் அந்தப் படத்தைத் திறந்து, முன்வரிசையிலிருந்து மேலே மேலே போனார். சுமதி வந்தாள். அடுப்புப் புகைக்கு அந்தப்பக்கம் நிற்கிறவள்போல இருந்தாள். சேலை தெரிந்தது, மூக்குத்தி இருக்குமிடம் தெரிந்தது, கண் இல்லை. வெண்ணிலா தன் செல்லில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு அந்த முகத்தைத் தெளிவாக்கிக் காட்டினாள். திரையில் லட்சணமான ஒரு பெண் வந்தாள். இமைமுடியெல்லாம் எண்ணலாம்.

“இது யாரோம்மா. அழிச்சிடு” என்றார் அண்ணன்.

வெண்ணிலா அழித்தாள். அப்புறம் சொன்னாள், “அன்னிக்கே சொன்னேன் தாத்தா, ஏத்துங்கன்னு. எங்கம்மா கண்ணு எங்க தாத்தா?”

“என் தப்புதாம்மா.”

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இப்போது திரும்பி என்னைப் பார்ப்பார், சுமதியை அவர் முன்வரிசைக்குக் கூப்பிட்டதையும் நான் தடுத்ததையும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. சுமதியை அஞ்சலட்டை அளவில் அச்செடுத்துக் கொடுத்தார். அந்த அளவில் பார்த்தால் தெளிவாக இருப்பதுபோலத்தான் இருக்கும். “இதுக்கு மேல பெருசு பண்ணாத அஞ்சல. பண்ணா அவ பூடுவா” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கேமராவை அவர் தொடவில்லை. பாஸ்போர்ட் படங்களைப் பழைய சின்ன கேமராவிலேயே எடுத்தார். வெண்ணிலா அவரோடு பேசுவதை விட்டாள். அவருடைய அடக்கத்துக்கும் அவள் வரவில்லை, லீவு இல்லை என்றாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருஷம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய்ச் சட்டம் அடித்தேன். அவரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து அவருடைய மகள் கடையைக் காலி செய்தாள். பைக்குள்ளேயே கிடந்து லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டதாம், கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். “அத்தே, பைல அப்பா எழுதனது ஒன்னு இருந்துது, உங்க பேரு இருக்குது” என்று ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் கொடுத்தாள்.

அதில் இவ்வளவுதான்: “அடுத்த முறை. அப்பர்ச்சர் 11, பின்வரிசையும் தெளிவாக விழும். ஐஎஸ்ஓ ஏற்றலாம், புள்ளி விழுந்தால் விழட்டும். மருமகள்கள் நாற்காலியில். அஞ்சலையிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.”

அவர் பேசவில்லை. பேசியிருந்தாலும் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. அந்த வயல் இப்போது பிளாட், நின்றவர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை, கேமரா எங்கே போனதென்று தெரியாது. அவர் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சீட்டுதான். சுமதியைப் பின்னால் அனுப்பியது சவரிமுத்து அண்ணன் இல்லை, நான். இந்த மலரில் ஒன்று வெண்ணிலாவுக்கும் போகும்.