சம்பந்தியம்மாவின் சிவப்புப் பென்சில்

என் முதல் சீன மொழி நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். சுழி நான் போட்டது. வட்டம் என் சம்பந்தியம்மா போட்டது.

மகள் ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டனில் லூயிஷாம் பகுதியில் குடியிருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் நெருங்கியபோது எனக்கு உள்ளூர உதறல். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவள் என் மனைவி. அவள் போய் நான்கு வருடமாகியிருந்தது. எனக்கோ ரயில் சிக்னலைப் பழுது பார்க்கத் தெரியுமே தவிர, பத்தியச் சமையல் தெரியாது. அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா ஆறு மாதம் தங்குவதாக வந்து இறங்கினார். தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே அடுப்படியைக் கைப்பற்றினார். குழந்தை பிறந்ததும் இஞ்சி போட்ட கஷாயம், தலையில் காற்றுப் படாமல் துணி, பச்சைத் தண்ணீருக்குத் தடை. மதுரையில் எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டியதெல்லாம் வேறொரு மொழியில் நடந்தது. ஒருநாள் அவர் என் மகளுக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பார்த்ததும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சீனச் சொல் நன்றி. அதைக் காலையில் அவர் டீ கொடுத்தபோதே செலவழித்துவிட்டிருந்தேன்.

மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது இன்னொருவர் வாயால் சொல்லுகிற விஷயமா? “என் மகளுக்கு நீங்கள் அம்மாவாக இருந்தீர்கள்.” இந்த ஒரு வாக்கியத்தை, அவர் ஊருக்குப் போவதற்குள் அவர் மொழியிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஐம்பத்தெட்டு வயதில் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் ஆர்ச்வே கோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, திருநீறும் வீட்டுப்பாடமுமாக லூயிஷாமுக்கு ரயில் ஏறுவேன். திருத்துவது சம்பந்தியம்மா.

கடைக்குச் சீட்டு எழுதினாலும், கவுன்சிலுக்குப் புகார் எழுதினாலும், முதலில் சுழி போடுவது என் கைப்பழக்கம். சீன நோட்டு மட்டும் விதிவிலக்கா? அவர் அதைத் தப்பாக எழுதிய சீன எழுத்து என்று எடுத்துக்கொண்டார். அவர்களிடம் கிட்டத்தட்ட அதே வளைவில் ஓர் எழுத்து உண்டாம். வட்டம் போட்டு, பக்கத்தில் அந்த எழுத்தை அழகாக எழுதி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டுவார்: பத்து முறை எழுத வேண்டும். எழுதுவேன். அந்தப் பக்கத்தின் உச்சியிலும் சுழி போட்டுவிட்டுத்தான். அதற்கும் வட்டம் விழும்.

மகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். “அப்பா, ப்ளீஸ், நான் அத்தைகிட்ட எக்ஸ்ப்ளெயின் பண்ணிடறேன்பா.”

“நீ வாயைத் திறக்காதே. நானே சொல்லிக்கறேன்” என்றேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டிருந்தது.

நான்காவது மாதம்தான் வாய் வந்தது. “இது எழுத்து இல்லை. கடவுள். தலை, யானை. எந்த வேலைக்கும் முன்னால் இவர்” என்று சீனத்தில் சொன்னேன். உளறல்தான், ஆனால் முழுக்க முழுக்க என் சொந்த உளறல். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். எனக்குப் புரிகிற சொற்களாகப் பொறுக்கி, “வகுப்புத் தலைவர் மாதிரியா?” என்று கேட்டார். டீச்சருக்கு வேறெப்படித் தோன்றும்? ஆமாம், ஆமாம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பேரன் தூக்கம் கலைந்து அழுதான். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது, நான் சொன்னது அவருக்குப் புரிந்தது! திரும்பும்போது ரயிலில் இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு சுழிக்கு வட்டம் விழவில்லை.

ஊருக்குப் புறப்படும் நாள் வந்தது. ஒரு மாதமாக அந்த வாக்கியத்தைக் குளியலறையிலும் பிளாட்பாரத்திலும் சொல்லிப் பார்த்திருந்தேன். ஹீத்ரோ விமான நிலையத்தில் அவர் என் மகளைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துபோயிற்று. நல்லவேளை, ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் துழாவிச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். இன்றைக்குமா என்று எனக்குப் பதறியது. எழுத்து எதையும் அவர் தொடவில்லை. தாளின் உச்சியில், வெறும் இடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பென்சிலை என் கையில் கொடுத்தார்.

“தலைவர் எங்கே?” என்றார்.

பதற்றத்தில் சுழி போட மறந்திருக்கிறேன்! வட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தேன். தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். பென்சில் என்னிடமே தங்கிவிட்டது.

இப்போது நான் மூன்றாம் நிலை வகுப்பில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவரோடு பேரனின் குறும்பைப் பற்றி யார் உதவியும் இல்லாமல் அரை மணி நேரம் பேசுகிறேன். நேற்று, நான்கு வயதாகும் பேரனுக்கு அவர் அனுப்பிய கட்டம் போட்ட நோட்டு வந்தது. திறந்தால், முதல் பக்கத்தின் உச்சியில் அவர் கையால் ஒரு பிள்ளையார் சுழி. ஆனால் வளைவு சரியில்லை. அந்தச் சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தேன். சுழியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் சரியாக எழுதி, படம் பிடித்து அனுப்பினேன். கீழே சீனத்தில், “பத்து முறை எழுதவும்” என்று போட்டேன். கால் மணி நேரத்தில் பத்தும் வந்து சேர்ந்தன.