நல்லெண்ணெய் மேல் விழுந்த பழி: பாபநாசம் முதல் கோடகநல்லூர் வரை

கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் ஆற்றங்கரை நவகைலாயக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்து, ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவதாக நேர்ந்திருந்தேன். வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னதும், ஆவணியில் ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் பழைய காரில் கிளம்பினோம். பாபநாசத்தில் தொடங்கி, ஆறு ஓடும் திசையிலேயே போய், சேர்ந்தபூமங்கலத்தில் முடிக்க வேண்டும். நாங்கள் மூன்றாவது கோயிலோடு நின்றோம். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எரிச்சல் கொஞ்சம் தெறிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஏழு மணிக்குள் போய்விட்டால் படித்துறையில் நிம்மதியாகக் குளிக்கலாம். தரிசனம் முடிந்து வந்து பார்த்தால், வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு. விளக்குக்கான நல்லெண்ணெய்க் கேன் முன்சீட்டில் என் காலடியில் இருந்தது. போதாதா அவருக்கு?

“ஏளா, மூடிய ஒழுங்கா முறுக்க மாட்டியா?”

“காருக்குள்ள ஒரு சொட்டு இல்ல. தரைக்கு மட்டும் எப்படிப் போச்சாம்?”

“சந்து வழியா எறங்கியிருக்கும்.”

தொட்டுப் பார்த்தேன், கறுப்பாக இருந்தது. ரோட்டு அழுக்கு என்றார். கேனுக்கு இரண்டு பாலித்தீன் பை சுற்றி, பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நிறுத்தச் சொன்னதற்கு, “பொரிக்க எண்ணெய் மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

சேரன்மகாதேவியில் கும்பிட்டு வெளியே வந்தால், பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தியிருந்தவர் எங்கள் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, ஆயில் ஒழுகுதே.”

“அது வீட்ல வெளக்குக்குக் கொண்டாந்த நல்லெண்ணெய்.”

“நல்லெண்ணெயா? அப்பம் எஞ்சினுக்குள்ளதான் வெளக்கு ஏத்தியிருக்கிய!”

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் வண்டியோடு வந்த கையேட்டை எங்கள் வீட்டில் முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். நாங்கள் கும்பிட்டு வருவதற்குள் எஞ்சின் ஆறியிருந்ததால், ஆயில் அளக்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. நல்லவேளையாகப் பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே. கையேட்டில் சொன்ன அதே ரகத்தில் ஒரு லிட்டர், 480 ரூபாய். கொஞ்சம் ஊற்றி, அளந்து, மறுபடி ஊற்றினோம். ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் திருகாணியைச் சுற்றித்தான் ஈரம். அவர் குளிக்கக் கொண்டுவந்த சோப்பை எடுத்து அங்கே அப்பினார். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் அவருடைய அப்பா அப்படிச் செய்வாராம். சூட்டில் இது நிற்காது என்றேன். என் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

கோடகநல்லூரை நெருங்கும்போது சோப்பு வழுக்கி விழுந்திருக்க வேண்டும். கருகல் வாடை வந்தது. கோயில் வாசலை எட்டியபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கும் எரிந்தது. உடனே அணைக்கச் சொன்னேன்.

“இன்னும் ஆறு கோயில் இருக்குளா. ஊத்தி ஊத்தி ஓட்டிருவோம். உன் நேர்ச்சை என்னாகுறது? சாமி விட்டுருமா?”

“ஒங்க கண்ண சாமி பாத்துக்கிட்டாரு. எஞ்சினை நாமதான் பாக்கணும். எறங்குங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, சந்நிதியில் நின்றபோது கண் நிறைந்துவிட்டது. ஒரே நாள் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தானே. கேனைத் திறந்தேன். இரண்டு விளக்குக்கு ஊற்றியது போக, மற்றது அப்படியே இருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் போய்விட்டார்.

விஷயம் கேட்ட குருக்கள் சிரித்தார். “உரோமச முனிவர் ஆத்துல விட்ட ஒம்போது பூவும் ஒரே நாள்லயாம்மா கரை ஒதுங்குச்சு? ஒதுங்கின எடத்துலதான் கோயில். இன்னைக்கு நீங்க ஒதுங்கின எடம் இது. மிச்சத்தைப் பைய முடிங்க.”

அதற்குப் பிறகுதான் விளக்கு ஏற்றினேன்.

வண்டியைக் கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போக 1,500 ரூபாய். போன தடவை ஆயில் மாற்றியபோது அந்தத் திருகாணிக்குப் பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். புதிய வாஷர் முப்பது ரூபாய்.

போகிறவர்களுக்கு: கிளம்புவதற்கு முந்தைய நாளே வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள், எங்கே ஒழுகுகிறது என்று அதுவே காட்டிவிடும். ஒரு லிட்டர் ஆயில் கையில் இருக்கட்டும், மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு அடி கூட ஓட்டாதீர்கள். சோப்பு குளிக்க மட்டும்.

மிச்சம் ஆறு கோயிலுக்கான எண்ணெய் அதே கேனில், பூஜை அறையில் இருக்கிறது. அதற்கடியிலும் ஓர் அட்டை விரித்திருக்கிறேன். தினமும் காலையில் திருநீறு எடுக்க வரும்போது அவர் பார்க்கட்டும், காய்ந்துதான் கிடக்கிறது.